புதுக்கோட்டை மாநகராட்சி: போர்டு மாறியாச்சு... ஊர் எப்போ மாறும்?

மொபைலில் கூகுள் மேப்பைத் திறந்து, புதுக்கோட்டை நகரின் நடுப்பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தெருக்கள் நேர்கோட்டில் ஓடும், ஒன்றையொன்று சதுரமாக வெட்டும். கீழ ராஜ வீதி, அதற்கடுத்து கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. மேற்கே போனால் மேல ராஜ வீதி, மேல இரண்டாம் வீதி... வடக்கிலும் தெற்கிலும் இதே கணக்குதான். 'மேல நாலாம் வீதி' என்று அட்ரஸ் எழுதிய சீட்டு கையில் இருந்தால், வெளியூர்க்காரர்கூட யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அப்படியே மேப்பை விரலால் ஒரு பக்கம் தள்ளுங்கள். நேர்கோடுகள் காணாமல் போகும். எங்கேயோ தொடங்கி எங்கேயோ முட்டி நிற்கும் தெருக்கள், வயலுக்கு நடுவே நாலு வீடு, பாதியில் தேயும் மண் பாதை, நடுநடுவே நீல நிறத்தில் குளங்களும் கண்மாய்களும். 2024 ஆகஸ்ட் வரை இந்த வெளிப்பகுதி தனித்தனி ஊராட்சிகள். இப்போது உள்ளே இருக்கும் சதுரமும் வெளியே இருக்கும் இந்தச் சிக்கலும் சேர்ந்துதான் 'புதுக்கோட்டை மாநகராட்சி'.

பெயர்ப் பலகை மாறிவிட்டது. லெட்டர்பேடு மாறிவிட்டது. சேர்மன் மேயராகிவிட்டார். ஆனால் ஒரு ஊரைப் புதிதாகக் கட்டுவது என்றால் என்ன என்ற கேள்விக்குப் புதுக்கோட்டையிடம் ஏற்கெனவே இரண்டு பழைய பதில்கள் இருக்கின்றன. மூன்றாவது முறை அந்த இரண்டையும் மறந்துவிட்டுத் தொடங்கியிருப்பதுதான் பிரச்சினை.

அரசாணையில் என்ன இருக்கிறது?

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகளையும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்த்தும் அறிவிப்பு 2024 மார்ச்சில் வந்தது. ஆகஸ்ட் 12ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவற்றைத் தொடங்கிவைத்தார். மாநிலத்தில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25 ஆனது. புதுக்கோட்டையில் நகராட்சித் தலைவராக இருந்த திலகவதி செந்தில் முதல் மேயர் ஆனார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை நகராட்சியில் இருந்தவர்கள் 1,17,630 பேர். மாநகராட்சி என்று சொல்ல இந்த எண்ணிக்கை போதாது. அதனால் சுற்றியுள்ள 11 ஊராட்சிகளைச் சேர்த்தார்கள். திருக்கட்டளை, கவிநாடு கிழக்கு, கவிநாடு மேற்கு, முள்ளூர், வாகவாசல், நத்தம்பண்ணை, திருவேங்கைவாசல் என்று அந்தப் பட்டியல் போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 'புதிய கோட்டை' என்பதுதான் புதுக்கோட்டை என்ற பெயரின் பொருள். திருக்கட்டளையில் இருக்கும் சுந்தரேஸ்வரர் கோயில் முற்காலச் சோழர் கட்டியது, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தொண்டைமான்களின் இந்த ஊர் தலைநகராவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே கோயிலும் கல்வெட்டும் இருந்தன. இப்போது வயதில் பெரிய ஊர், சின்ன ஊருக்குள் ஒரு வார்டாக வருகிறது.

ஒருநாள் இரவில் போர்டு மாறினாலும், அந்தக் கிராமங்களில் விஷயம் அவ்வளவு அமைதியாகப் போகவில்லை. இணைப்பு வேண்டாம் என்று மனு, கிராம சபைத் தீர்மானம், மறியல் என்று எதிர்ப்பு கிளம்பியது. சிட்டியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். மாநகராட்சி வந்தால் ரோடு வரும், லைட் வரும், நிலத்து விலை ஏறும். இதை யாராவது வேண்டாம் என்பார்களா? அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும்.

தீயில் பிறந்த சதுரம்

நகரின் நடுவே தெரியும் அந்தச் சதுரம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. 1812இல் ஒரு பெருந்தீ பழைய ஊரை அழித்தது. அப்போது மன்னர் வயதில் சிறியவர். சமஸ்தான விவகாரங்களைக் கவனித்துவந்தவர் தஞ்சாவூர் ரெசிடென்டாக இருந்த மேஜர் வில்லியம் பிளாக்பர்ன். எரிந்த ஊரைப் பழையபடியே கட்டாமல், நடுவில் அரண்மனை, அதைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள், அவற்றுக்கு இணையாக அடுத்தடுத்த வீதிகள் என்று புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் வீதிகள் கோயிலைச் சுற்றி வரும். இங்கே சுற்றிவந்தது அரண்மனையை.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்ள லண்டனைப் பார்க்கலாம். 1666இல் அந்த நகரமும் எரிந்தது. சில நாட்களிலேயே கிறிஸ்டோபர் ரென் நேரான, அகலமான சாலைகளோடு ஒரு புது வரைபடம் கொண்டுவந்து மன்னரிடம் கொடுத்தார். அது நிறைவேறவில்லை. எரிந்த மனை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவரவர் இடம் அவரவருக்கு வேண்டும். சில தெருக்கள் அகலமாயின, வீடுகள் செங்கல்லுக்கு மாறின. மற்றபடி லண்டன் பெரும்பாலும் பழைய தெருக்களின் மேலேயே மறுபடி எழுந்தது.

லண்டனால் செய்ய முடியாததைப் புதுக்கோட்டை செய்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் ஏன் செய்ய முடிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரெசிடென்ட் முடிவெடுத்தால் அது முடிவு. அந்தச் சதுரத்தில் இடம் கிடைத்தவர் யார், கிடைக்காமல் ஓரத்துக்குப் போனவர் யார் என்று இன்று மேப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாரிஸை 1853 முதல் 1870 வரை இடித்துக் கட்டிய ஓஸ்மான் காலத்திலும் இதே கதைதான். அகலமான பூல்வார்டுகள் போட்டோவில் நிற்கின்றன. வாடகை கட்ட முடியாமல் ஊரின் விளிம்புக்குப் போனவர்கள் போட்டோவில் இல்லை.

அந்தக் குறையை ஒப்புக்கொண்டு பார்த்தாலும், ஒரு விஷயத்தில் 1812 சரியாக நடந்துகொண்டது. முதலில் தெரு, அப்புறம் வீடு. பொதுவுக்கு எவ்வளவு இடம் என்று முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் மனைகளாக்கினார்கள். 200 வருஷம் கழித்து அதே வீதியில் பைக், ஆட்டோ, லோடு வண்டி எல்லாம் போகின்றன. பண்டிகை நாளில் கீழ ராஜ வீதியில் கால் வைக்க இடம் இருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த வீதி அங்கே இருக்கிறது.

குளத்திலிருந்து தொடங்கிய திவான்

இரண்டாவது சுற்று 1878இல் தொடங்கியது. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு வந்த அ.சேஷையா சாஸ்திரி அந்த வருஷம் புதுக்கோட்டைக்குப் பொறுப்பேற்றார். 1894 வரை, முதலில் திவானாகவும் பிறகு மன்னர் சிறுவராக இருந்ததால் திவான் ரீஜண்டாகவும் இருந்தார். அலுவலகக் கட்டடங்கள், சாலைகள், தபால் தந்தி அலுவலகம் என்று அவர் காலத்தில் வந்தவை நிறைய. அதையெல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது அவர் குளங்களில் கைவைத்ததைத்தான்.

புதுக்கோட்டை வறண்ட பூமி. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூட மாவட்டத்துக்குள் கிடையாது. வெள்ளாறு மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணல்தான். அதனால் இந்த மண்ணில் ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கண்மாயோ குளமோ ஊரணியோ இருந்தே ஆக வேண்டும். மாவட்டம் முழுக்க அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வானம் பார்த்த பூமியில் மழைத்தண்ணீரைச் சேர்த்துவைக்கும் உண்டியல்கள் அவை. சேஷையா சாஸ்திரி நகருக்குள் இருந்த பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் சீர்படுத்தினார். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டியிருக்கும் பல்லவன் குளம் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது. புதுக்குளம் பல காலம் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்தது.

இதைச் சும்மா ஒரு தூர்வாரும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. குளம் என்பது பள்ளம் மட்டும் அல்ல. தண்ணீர் வந்து சேரும் வரத்து வாய்க்கால், நிறைந்தால் வெளியேறும் கலிங்கு, அங்கிருந்து அடுத்த குளத்துக்குப் போகும் வழி எல்லாம் சேர்ந்ததுதான் குளம். வாய்க்காலில் ஒருவர் சுவர் எழுப்பினால் போதும், குளம் அப்படியே இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. அந்த வருஷம் யாருக்கும் தெரியாது. பத்து வருஷத்தில் 'இந்தக் குளம் எப்பவும் காய்ஞ்சுதான் கிடக்கு, இதுல பஸ் ஸ்டாண்டு கட்டலாமே' என்று யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பஸ் நிலையங்களும் அரசு அலுவலகங்களும் பழைய ஏரிக்குள் நிற்கின்றன என்று கணக்கெடுத்தால் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

1912இல் புதுக்கோட்டை நகராட்சியானது. 1929இல் புதிய அரண்மனை எழுந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14ஆம் தேதி தனி மாவட்டம் பிறந்தபோது அந்தப் புதிய அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. ஊர் அதற்கப்புறம் வளர்ந்தது. ஆனால் சதுரத்தைத் தாண்டிய வளர்ச்சிக்கு யாரும் கோடு போட்டுத் தரவில்லை. நிலம் வைத்திருந்தவர் பிளாட் போட்டார், வாங்கியவர் வீடு கட்டினார், ரோடு பின்னால் வந்தது.

100 நாள் வேலையும் கண்மாயும்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். மாநகராட்சியை ஏன் ஒருவர் வேண்டாம் என்பார்?

வரி கூடும் என்பது பொதுவாக எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஊராட்சியில் கட்டும் வீட்டு வரியும் மாநகராட்சியில் கட்டும் சொத்து வரியும் ஒன்றாக இருக்காது. தண்ணீருக்கு, குப்பைக்கு என்று தனித்தனிக் கட்டணமும் வரும். ஆனால் கிராமங்களில் அதைவிடச் சத்தமாக ஒலித்த காரணம் வேறு: 'நூறு நாள் வேலை போயிடும்.'

2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் பெயரிலேயே ஊரகம். ஊராட்சி நகர்ப்புற உள்ளாட்சிக்குள் வந்தால் அந்த வேலை அங்கே கிடையாது. 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்குகிறது. அதுவும் கிராமங்களுக்குத்தான். 2024-25இல் தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஒரு குடும்பம் 100 நாளும் முழுக் கூலியோடு வேலை பார்த்தால் வருஷத்துக்கு 31,900 ரூபாய். ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே இதைத் தாண்டிய சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இது சின்னத் தொகை. கணவரின் வருமானத்தை நம்பாமல் தன் பேரில், தன் வங்கிக் கணக்கில் பணம் பார்க்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். வயது ஏறியவர்களுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? டவுனுக்குள் ஜவுளிக்கடையிலா?

நகர்ப்புறத்துக்கும் இப்படி ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது, இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாக, தேர்ந்தெடுத்த சில இடங்களில் வந்தது. ஆனால் அது சட்டம் அல்ல, திட்டம். கிராமத்துச் சட்டத்தில் வேலை கேட்பது உரிமை. திட்டத்தில் நிதி இருந்தால் வேலை இருக்கும். வேறு சில கிராமப்புறத் திட்டங்களும் இப்படியே கைவிட்டுப் போகும். உதாரணமாக, வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகப் பகுதிக்கானது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. நூறு நாள் வேலையில் இந்த மாவட்டத்துப் பெண்கள் என்ன வேலை பார்த்தார்கள்? குளம் வெட்டினார்கள். வரத்து வாய்க்காலில் மண் அள்ளினார்கள். கரையில் முள் வெட்டினார்கள். 'சும்மா உட்கார்ந்துட்டு வர்றாங்க' என்று டீக்கடையில் கிண்டல் செய்வது சுலபம். அரைகுறையாகவே நடந்திருந்தாலும், சின்னச் சின்ன ஊரணிகளையும் வாய்க்கால்களையும் வருஷா வருஷம் ஒரு ஆள் கூட்டம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது இந்த வேலையால்தான்.

பெரிய கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த சின்னக் குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊராட்சி போய் மாநகராட்சி வந்தால், அந்தச் சின்னக் குளத்தின் வாய்க்காலுக்கு யார் பொறுப்பு? பேப்பரில் மாநகராட்சி. நடைமுறையில், சாக்கடை அடைப்பு எடுக்கவே ஆள் பற்றாத ஓர் அலுவலகம். கவிநாடு கண்மாய் மாதிரிப் பெரிய கண்மாய்க்குப் பெயர் இருக்கிறது, அதற்காகக் குரல் கொடுக்க ஆட்கள் வருவார்கள். பெயர் தெரியாத ஊரணிக்கு யார் வருவார்கள்? ஆக, வேலை போவதும் தண்ணீர் போவதும் தனித்தனிக் கவலைகள் இல்லை.

யாரிடம் போய்ச் சொல்வது?

கிராமங்கள் எதிர்த்ததே தப்பு என்று சொல்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். நத்தம்பண்ணை மாதிரி இடங்கள் நகரத்தோடு ஒட்டி வளர்ந்து பல வருஷமாகிறது. அங்கே வீடு கட்டியிருப்பவர்களில் பலர் டவுனில் வேலை பார்க்கிறார்கள், டவுன் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுபோக ஊராட்சியால் முடியாது. குப்பையும் அப்படித்தான். நகரம் ஏற்கெனவே அங்கே போய்விட்டது, நிர்வாகம் இப்போதுதான் பின்னால் போகிறது என்பது சரியான வாதம். எல்லையை எப்போதும் பழைய இடத்திலேயே வைத்திருக்க முடியாது.

ஆனால் 11 ஊராட்சியும் நத்தம்பண்ணை இல்லை. ஒரே ஊராட்சிக்குள்ளேயே மெயின் ரோட்டோரம் அபார்ட்மென்ட்டும் உள்ளே தள்ளி நெல் வயலும் இருக்கும். முழு ஊராட்சியையும் அப்படியே தூக்கிச் சேர்க்கும்போது வயலும் நகரமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். புதுக்கோட்டை உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள்தான். மாநகராட்சியில் இருக்கும் 42 கவுன்சிலர்களும் 2022 பிப்ரவரியில், பழைய நகராட்சி எல்லைக்குள் இருந்த மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். வார்டு மறுவரையறை முடிந்து அடுத்த தேர்தல் நடக்கும்வரை, சேர்ந்த கிராமத்தில் இருப்பவருக்குத் தன் ஓட்டில் ஜெயித்த ஒரு பிரதிநிதிகூட மாமன்றத்தில் இல்லை. ரோடு எங்கே, பம்ப் எங்கே, குப்பைக் கிடங்கு எங்கே என்ற முதல் முடிவுகள் எல்லாம் எடுக்கப்படுவது சரியாக இந்த இடைவெளியில்தான்.

கிராம சபை என்று ஒன்று இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து, வாக்காளராக இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். எல்லாக் கூட்டமும் ஒழுங்காக நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கேட்க ஓர் இடம் இருந்தது. நகரத்தில் அதற்கு ஈடாக 2022இல் 'பகுதி சபை' கொண்டுவந்தார்கள். உங்கள் ஏரியாவில் பகுதி சபை எப்போது கூடியது என்று இதைப் படிக்கும் யாராவது சொன்னால் நல்லது.

பிளாக்பர்ன் யாரையும் கேட்கவில்லை, அது சமஸ்தானம். இன்று கேட்பதற்கான அமைப்புகள் எல்லாம் சட்டத்தில் இருக்கின்றன. அவை காலியாக இருக்கும் நேரத்தில் முடிவுகள் வருகின்றன. வித்தியாசம் அவ்வளவுதான்.

சென்னை காட்டிய பாடம்

போர்டு மாறியதும் வசதி தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் சென்னையைக் கேட்கலாம். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. சோழிங்கநல்லூரும் பெருங்குடியும் அன்றைக்கே சென்னை. ஆனால் பத்து வருஷம் தாண்டியும் அந்தப் பக்கத்தின் பல தெருக்களில் பாதாளச் சாக்கடை வரவில்லை, கழிவுநீரை லாரிதான் எடுத்தது. கோடிக்கணக்கில் கொடுத்து பிளாட் வாங்கியவர் வீட்டு வாசலிலும் டேங்கர் லாரிதான் நின்றது. 2015 வெள்ளத்தில் அந்த ஏரியாக்கள் என்ன பாடுபட்டன என்று ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏரியின் வாய்க்கால் எது என்று குறிக்காமல் வீடு வந்தது, வீடு வந்தபின் மாநகராட்சி வந்தது, மாநகராட்சி வந்தபின் வடிகாலுக்கு இடம் தேடினார்கள். வரிசையே தலைகீழ்.

சென்னைக்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுக்க வரிசையில் நிற்கும். புதுக்கோட்டைக்கு அப்படி யாரும் நிற்கப்போவதில்லை. தப்பாகப் போட்ட தெருவை இடித்துத் திருத்தும் பணம் இந்த மாநகராட்சிக்கு என்றைக்குமே கிடைக்காது. அதனால் முதல் தடவையிலேயே சரியாகப் போட்டாக வேண்டும்.

இது புதுக்கோட்டையின் தனிப் பிரச்சினையும் இல்லை. நான்கு புதிய மாநகராட்சிகளோடு கதை முடியவில்லை. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பு, 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் என்று 2025 தொடங்கும்போதே மாநிலம் முழுக்கக் கிராமங்கள் நகரமாகும் வேலை நடந்தது. உங்கள் சொந்த ஊர் அதில் இருக்கிறதா என்று அம்மாவிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கார்டில் பெயர் மாறியிருக்காது, ஊர் மாறியிருக்கலாம்.

என்ன செய்யலாம்?

சேர்த்ததைப் பிரிக்க வேண்டும் என்று கேட்பது இனி நடைமுறைக்கு ஆகாது. வரிசையை மாற்றலாம்.

அதாவது, அடுத்த லேஅவுட்டுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன், சேர்ந்த 11 ஊராட்சிகளிலும் உள்ள ஒவ்வொரு குளம், ஊரணி, வரத்து வாய்க்கால், கலிங்கு ஆகியவற்றை அளந்து கல் நட வேண்டும். வருவாய்த் துறையின் பழைய புலப்படத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அதன்மேல் பெரிய சாலைகள் எங்கே வரும் என்ற கோட்டைப் போட வேண்டும். அப்புறம் பிளாட். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த 10 சதவீதம் எங்கேயோ ஒரு மூலையில் புதராகக் கிடக்காமல் வாய்க்கால் ஓரமாக வாங்கினால், அதுவே ஊரின் வடிகாலும் நடைபாதையும் ஆகும்.

இதில் ரியல் எஸ்டேட்காரர்கள் மட்டும் வில்லன் இல்லை. அனுமதி இல்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர்நீதிமன்றம் 2016இல் தடை போட்டது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சேமிப்பையெல்லாம் போட்டு ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் வாங்கிய சாதாரண ஆட்கள். கோடு முன்பே போட்டிருந்தால் அவர்களும் ஏமாந்திருக்க மாட்டார்கள்.

வேலை விஷயத்தில் இன்னும் நேரடியாகப் பேசலாம். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை இணைந்த ஊராட்சிகள் அனைத்துக்கும், குறைந்தது சில வருஷங்களுக்காவது, பழைய ஜாப் கார்டு வைத்திருந்த எல்லோருக்கும் என்று மாநில அரசு விரிக்கலாம். வேலை தேடி அலைய வேண்டியதில்லை. அதே குளம், அதே வாய்க்கால். சம்பளம் கொடுக்கும் கை மட்டும் மாறும். இதற்கு ஆகும் செலவு, ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. வெள்ளம் வந்தபின் கொடுக்கும் நிவாரணத்தோடு ஒப்பிட்டால் இன்னும் குறைவு.

சொத்து வரியைப் பொறுத்தவரை, வசதி வந்தபின் வரி என்று சொன்னால் கிராமங்கள் கேட்கும். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கு டவுன் ரேட்டில் பில் வந்தால் மறியல்தான் வரும், அதைக் குறை சொல்லவும் முடியாது.

இனி வரப்போகும் இரண்டு ஆவணங்கள் முக்கியம். ஒன்று, வார்டு மறுவரையறை வரைவு. இன்னொன்று, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, விரிந்த எல்லைக்கு என்று வர வேண்டிய முழுமைத் திட்டம். இரண்டிலும் வரைவை வெளியிட்டு, மக்களிடம் ஆட்சேபம் கேட்ட பிறகுதான் இறுதி செய்ய முடியும். வழக்கமாக அந்த அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், திருமண மண்டப விளம்பரத்துக்குப் பக்கத்தில் வரும். திருக்கட்டளையிலோ முள்ளூரிலோ வீடு இருப்பவர், இப்போது பெங்களூருவில் இருந்தாலும், அந்த வரைபடத்தின் பி.டி.எஃப்-ஐ இறக்கி, தன் சர்வே நம்பரைத் தேடுவதோடு நிறுத்தாமல், அதற்குப் பக்கத்தில் ஓடும் வாய்க்கால் அதில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் எழுதிக் கொடுக்க அவகாசம் இருக்கும்.